அனுமதி இலவசம், மேடை யாருக்கு?

(சென்னையில் நடந்த வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாநகர நூலகத்தில் நடக்கும் கலை, இலக்கிய நிகழ்வுகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். தலைப்பைக் கேட்டதும் என்னோடு ஆய்வு செய்யும் நண்பர் சிரித்துவிட்டார். "வேங்கைவயலில் குடிக்கிற தண்ணீரில் மலத்தைக் கலக்கிறார்கள். நாங்குநேரியில் பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டுகிறார்கள். நீ நூலகத்தில் நடக்கிற கவியரங்கத்தைப் பற்றிப் பேசப் போகிறாயா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இன்றைய என் பேச்சு முழுக்க அவருக்குச் சொல்லும் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்த் தொட்டியும் நூலக அரங்கமும் நமக்கு வேறு வேறாகத் தெரிகின்றன. சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்தச் சாதியைச் சேர்ந்தவரும் பொதுச் சாலையில் நடக்கலாம், பொதுக் கிணற்றையும் குளத்தையும் பயன்படுத்தலாம், அரசு அலுவலகத்துக்கும் மக்கள் கூடும் பொதுக் கட்டடத்துக்கும் போகலாம் என்பதுதான் அதன் சாரம். அது அரசாணையாகவும் வெளிவந்தது. மூன்றாண்டு கழித்து, 1927 மார்ச் 20 அன்று, மகாடில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளினார். பிறகு அரசமைப்புச் சட்டம் வந்தது. அதன் 15(2) பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, அரசுப் பணத்தில் பராமரிக்கப்பட்டு மக்கள் வந்துபோகும் இடங்களையும் சேர்த்துக்கொண்டது.

நூலகம் அப்படிப்பட்ட இடம். அதன் அரங்கமும் மேடையும் ஒலிவாங்கியும் அப்படிப்பட்டவைதாம். ஆகவே நூலக நிகழ்ச்சி என்பதை ரசனை சார்ந்த சிறு விஷயமாக ஒதுக்க என்னால் முடியவில்லை. பொதுக் குளத்தில் யார் இறங்கலாம் என்ற கேள்வியின் தொடர்ச்சியாகவே அதைப் பார்க்கிறேன். கிணற்றடியில் சண்டை கண்ணுக்குத் தெரியும். அரங்கத்தில் தெரியாது. அதனால்தான் கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் பணத்திலிருந்து தொடங்குவோம். 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை நிறைவேற்றியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இப்படி வந்த முதல் சட்டம் இதுதான். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதனின் உழைப்பு அதன் பின்னால் இருக்கிறது. அந்தச் சட்டம் செய்த முக்கியமான வேலை, நூலகத்துக்கென்று தனி வரி போட்டது. இன்று தமிழ்நாட்டில் சொத்து வரி கட்டும்போது அதோடு சேர்த்துப் பத்து விழுக்காடு நூலக வரியும் கட்டப்படுகிறது. சொந்த வீடு இருப்பவர்தானே சொத்து வரி கட்டுகிறார் என்று கேட்பீர்கள். வியாசர்பாடியில் ஒற்றை அறையில் குடியிருப்பவர் கொடுக்கும் வாடகைக்குள் அந்த வரியும் இருக்கிறது. புளியந்தோப்பில் டீக்கடை வைத்திருப்பவர் கொடுக்கும் கடை வாடகைக்குள்ளும் இருக்கிறது. இந்த ஊரில் கூரைக்குக் காசு கொடுக்கும் ஒவ்வொருவரும் நூலகத்துக்கும் காசு கொடுக்கிறோம். யாருடைய தானத்திலும் அது நடக்கவில்லை.

மார்கழி மாதத்துச் சபாக்களோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சபா என்பது தனியார் சங்கம். அங்கே யார் பாட வேண்டும், எந்த மொழியில் பாட வேண்டும், எந்த வாத்தியத்துக்கு இடமில்லை என்பதை அவர்களுடைய குழு முடிவு செய்கிறது. அதை விமர்சிக்கலாம். மாற்றாக இன்னொரு மேடை போடலாம். 2020 டிசம்பரில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' அதைத்தான் செய்தது. கானாவையும் ஒப்பாரியையும் பறையையும், கச்சேரி நடக்கும் அதே மாதத்தில், அதே மாநகரத்தில் மேடையேற்றியது. ஆனால் நூலக அரங்கத்துக்கு மாற்றாக நாம் வேறு மேடை தேட வேண்டியதில்லை. அது ஏற்கெனவே நம்முடையது. அங்கே இடம் கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

இப்போது கோட்டூர்புரத்துக்கு வருவோம். அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்டது. எட்டு ஏக்கர் நிலம், 12 லட்சம் நூல்களை வைக்கும் அளவுக்கு இடம், 1,280 பேர் உட்காரும் கலையரங்கம், வெளியே ஒரு திறந்தவெளி அரங்கு. கட்டும்போதே நிகழ்ச்சிகளுக்கும் சேர்த்துத்தான் கட்டினார்கள். தரைத்தளத்தில் பார்வையற்றோருக்கான பிரெய்ல் பிரிவு, அதற்கு மேலே குழந்தைகள் பிரிவு என்று தொடங்குகிறது கட்டடம். 2011 நவம்பரில் அன்றைய அரசு இந்த நூலகத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, இங்கே குழந்தைகள் மருத்துவமனை கொண்டுவரப் போவதாக அறிவித்தது. எழுத்தாளர்களும் வாசகர்களும் மாணவர்களும் தெருவுக்கு வந்தார்கள், வழக்குப் போட்டார்கள், உயர்நீதிமன்றம் தடை விதித்தது. நூலகம் தங்கியது. இன்று அங்கே உட்கார்ந்து படிக்கும் பலர் அப்போது பள்ளிப் பிள்ளைகள். தாங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி ஒரு போராட்டத்தால் மிஞ்சியது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அங்கே சனிக்கிழமை மாலைகளில் 'பொன்மாலைப் பொழுது' நடக்கிறது. எழுத்தாளர்களும் அறிஞர்களும் கலைஞர்களும் வந்து பேசுகிறார்கள். அனுமதிச் சீட்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம். முதல் வரிசையில் பேராசிரியர் இருப்பார், பின் வரிசையில் வேலை முடிந்து வந்த கூரியர் இளைஞர் இருப்பார். பேச்சு காணொளியாக இணையத்திலும் ஏறுகிறது. 2023 ஜனவரியில் அரசு நடத்திய சென்னை இலக்கியத் திருவிழாவும் இந்த வளாகத்தில்தான் நடந்தது. பொருநை, வைகை, காவிரி, சிறுவாணி என்று மற்ற ஊர்களிலும் நடந்த ஐந்து திருவிழாக்களில் அதுவும் ஒன்று. அதே ஆண்டு ஜூலையில் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. கோவையில் பெரியார் பெயரிலும் திருச்சியில் காமராசர் பெயரிலும் பெரிய நூலகங்கள் அறிவிக்கப்பட்டன. இவ்வளவு பெரிய பொது மேடைகளை எழுத்துக்கென்று ஓர் அரசு கட்டுவது சாதாரணமான செய்தி அல்ல. வீட்டுக்கு ஒரு புத்தகசாலை வேண்டும் என்று அண்ணா வானொலியில் பேசிய மரபு இது. படிப்பகங்களில் நாளிதழை ஒருவர் உரக்க வாசிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சுற்றி நின்று கேட்ட மரபு இது. அந்தப் பெருமை நமக்கு உண்டு. அந்தப் பெருமை இருப்பதால்தான் கேள்வியும் கேட்கிறோம்.

முதல் கேள்வி. ஒரே வளாகத்தில் இரண்டு நூலகங்கள் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? சொந்த நூல்கள் படிக்கும் பிரிவுக்குப் போய்ப் பாருங்கள். காலையில் கதவு திறக்கும் முன்பே பையோடும் தண்ணீர் பாட்டிலோடும் வரிசை நிற்கும். டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு, ஆசிரியர் தேர்வு என்று படிக்கிற பிள்ளைகள். விழுப்புரம், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி என்று பல ஊர்களிலிருந்து வந்து விடுதியிலோ, நான்கு பேர் பகிரும் அறையிலோ தங்கியிருப்பவர்கள். பலருடைய வீட்டில் முதல் பட்டதாரி அவர்தான். இரவு நூலகம் மூடும்வரை இருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை அதே வளாகத்தில் இலக்கியக் கூட்டம் நடக்கும்போதும் அவர்கள் தலை நிமிராமல் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள். கூட்டத்துக்கு வருபவர்கள் காரிலும் இரு சக்கர வாகனத்திலும் வந்து, கேட்டுவிட்டு, காபி குடித்துவிட்டுப் போகிறார்கள். இரு தரப்பும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதே இல்லை.

'அவர்களுக்கு இலக்கியத்தில் ஆர்வமில்லை' என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நான் அந்தப் பிரிவில் உட்கார்ந்து படித்தவன். அங்கே இருப்பவர்களிடம் கதை கேட்டிருக்கிறேன். ஊர்த் தெருவுக்கும் காலனிக்கும் நடுவில் ஓடும் ஓடையைப் பற்றி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த தாத்தாவைப் பற்றி, தன் ஊர் நூலகம் காலனிப் பிள்ளைகள் போகத் தயங்கும் தெருவில் இருந்ததைப் பற்றிச் சொல்வார்கள். ஒரு நாவலுக்குத் தேவையான அத்தனையும் அந்த மேசைகளில் கிடக்கிறது. குறைவது ஆர்வமல்ல. மேடையில் நடப்பது தன்னைப் பற்றியதும்தான் என்ற நம்பிக்கைதான் குறைகிறது. அந்த நம்பிக்கையைத் தர வேண்டிய பொறுப்பு நிகழ்ச்சி நடத்துபவருடையது.

இரண்டாவது கேள்வி, மேடை யாருக்கு எப்போது கிடைக்கிறது என்பது. ஏப்ரல் 14 வந்தால் தலித் எழுத்தாளர்களுக்கு அழைப்புகள் குவியும். 2022 முதல் அந்த நாளைச் சமத்துவ நாளாகத் தமிழ்நாடு அரசு கொண்டாடுகிறது. பெரியாரின் பிறந்தநாளான செப்டம்பர் 17 அதற்கு முந்தைய ஆண்டிலிருந்து சமூக நீதி நாள். நல்லது, இரண்டும் வேண்டும். ஆனால் ஏப்ரல் முடிந்ததும் என்ன நடக்கிறது? நாட்காட்டியில் நமக்கு ஒரு மாதம், இலக்கியத்துக்குப் பதினோரு மாதம் என்று பிரித்துவிட்டால், ஊரும் சேரியும் நாட்காட்டிக்குள்ளும் வந்துவிட்டன என்று பொருள்.

கொடுக்கும் தலைப்பையும் பாருங்கள். தலித் எழுத்தாளரை அழைத்தால் 'வலியும் எழுத்தும்' என்பது போல ஒரு தலைப்பு. பாமாவின் 'கருக்கு' வெளிவந்தது 1992இல். முப்பது ஆண்டுகள் தாண்டிவிட்டன. இன்னும் அந்த நூலைப் பற்றிப் பேசும்போது அதிலுள்ள துயரத்தைத்தான் பேசுகிறோம். அந்த மொழியை எப்படிக் கட்டினார், பேச்சுத் தமிழை உரைநடையின் முதுகெலும்பாக எப்படி ஆக்கினார், எங்கே சிரிக்க வைக்கிறார் என்று எத்தனை மேடைகள் கேட்டிருக்கின்றன? ராஜ் கௌதமன் சங்க இலக்கியத்தையும் தமிழ்ச் சமூக உருவாக்கத்தையும் பற்றி ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்து எழுதியவர். சங்க இலக்கிய மேடைகளில் அந்த ஆய்வுகள் எவ்வளவு விவாதிக்கப்பட்டன? தலித் அறிஞர் தன் காயத்தைப் பேசலாம், தொல்காப்பியத்தைப் பேச வேறொருவர் வருவார் என்ற எழுதப்படாத விதி இருக்கிறதே, அது அறிவுத்துறையில் வைக்கப்பட்ட இரட்டைக் குவளை. நம்மையும் உள்ளே விடுகிறார்கள், ஆனால் தனிக் குவளையில்தான் ஊற்றுகிறார்கள்.

பறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இன்று எந்த முற்போக்கு விழாவும் பறையில்லாமல் தொடங்குவதில்லை. சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட கருவியை விழாவின் கருவியாக மாற்றியது பெரிய போராட்டம். அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நம் கூட்டங்களின் அழைப்பிதழ்களை எடுத்துப் பாருங்கள். தலைமை தாங்குபவருக்குப் பெயர் உண்டு, பட்டம் உண்டு. வாழ்த்துரை வழங்கும் எட்டுப் பேருக்கும் பெயர் உண்டு. பறைக்கு மட்டும் 'பறையிசை, மாலை 5 மணி' என்று ஒரு வரி. அடித்தவர் யார்? எந்த ஊர்? யாரிடம் கற்றார்? தோலை எப்படிக் காய்ச்சுகிறார்? வாசலில் அடித்து, விருந்தினரை உள்ளே அழைத்துவந்து விட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு கலைஞர்கள் வேனில் ஏறிப் போய்விடுகிறார்கள். உள்ளே ஒருவர் நாட்டார் கலைகளைப் பற்றி நாற்பது நிமிடம் பேசுவார். ஒலிவாங்கியை அந்தப் பறைக் கலைஞரிடம் கொடுத்து, அடவுகளின் பெயரையும் கணக்கையும் அவரே விளக்கச் சொன்னால் அதுவும் ஒரு சொற்பொழிவுதானே? நூலகம் செய்ய வேண்டிய வேலை அதுதான். அறிவு அச்சில் மட்டும் இருக்கிறது என்று நம்பும் இடமாக நூலகம் இருந்தால், அச்சுக்கு வெளியே வைக்கப்பட்ட மக்களுக்கு அங்கே வேலையில்லாமல் போகும்.

இதெல்லாம் நடக்கக்கூடிய காரியமா என்று கேட்கலாம். நடந்த ஓர் ஊரைச் சொல்கிறேன். அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். அந்தப் பல்கலைக்கழகத்தை ஒட்டியிருக்கும் பகுதி ஹார்லெம், கறுப்பின மக்களின் பகுதி. அவர் அங்கிருந்து போன சில ஆண்டுகளில், ஹார்லெமின் 135ஆம் தெருவில் இருந்த பொது நூலகக் கிளை வேறொன்றாக மாறத் தொடங்கியது. 1920இல் எர்னஸ்டின் ரோஸ் என்ற வெள்ளையினப் பெண் அந்தக் கிளையின் பொறுப்பை ஏற்றார். சுற்றியிருக்கும் மக்கள் கறுப்பர்கள் என்றால் ஊழியர்களும் அவர்களாக இருக்க வேண்டும் என்று வேலையைத் தொடங்கினார். அதே ஆண்டு காத்தரின் லாட்டிமர் நியமிக்கப்பட்டார். நியூயார்க் பொது நூலகத்தின் முதல் கறுப்பின நூலகர் அவர். கவிதை வாசிப்பு, சொற்பொழிவு, ஓவியக் காட்சி, நாடகம் என்று அந்தக் கட்டடம் நிரம்பியது. பிற்காலத்தில் ஹார்லெம் மறுமலர்ச்சி என்று நாம் பாடத்தில் படிக்கும் இயக்கத்துக்கு அந்த நூலகம் ஒரு கூடம்.

அங்கே நிகழ்ச்சிகளோடு அவர்கள் நிற்கவில்லை. ஆர்துரோ ஷோம்பர்க் என்று ஒருவர். புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர், ஒரு வங்கியின் அஞ்சல் பிரிவில் வேலை பார்த்தவர். கறுப்பர்களுக்கு வரலாறே கிடையாது என்று சிறுவயதில் ஓர் ஆசிரியர் சொன்னதுதான் அவரைத் தேட வைத்தது என்பார்கள். வாழ்நாள் முழுக்க நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் படங்களையும் சேர்த்தார். 1926இல் அந்தச் சேகரிப்பு கார்னகி நிறுவனம் கொடுத்த 10,000 டாலரில் வாங்கப்பட்டு 135ஆம் தெரு நூலகத்துக்கு வந்தது. பிறகு அவரே அதன் காப்பாளராகவும் இருந்தார். 1940இல் அந்த நூலகத்தின் நிலவறையில் அமெரிக்க நீக்ரோ நாடகக் குழு தொடங்கப்பட்டது. சிட்னி பாய்ட்டியேவும் ஹாரி பெலஃபாண்டேயும் நடிப்புக் கற்றது அந்தக் குழுவில்.

அதே நாட்டின் தென்பகுதியில் அப்போது என்ன நிலைமை? 1961 மார்ச்சில் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரப் பொது நூலகத்துக்குள் டூகலூ கல்லூரியின் ஒன்பது கறுப்பின மாணவர்கள் போய் உட்கார்ந்து படித்தார்கள். படித்ததற்காகக் கைது செய்யப்பட்டார்கள். ஒரே நாட்டில் ஒரு நூலகம் மக்களின் மேடை, இன்னொரு நூலகம் காவல் நிலையத்தின் வாசல். நூலகம் தானாகவே எதுவும் ஆவதில்லை. அதை நடத்துபவர்களும் அதற்குள் நுழைபவர்களும் சேர்ந்துதான் அதை ஆக்குகிறார்கள்.

ஹார்லெமிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று. நிகழ்ச்சியும் சேகரிப்பும் ஊழியரும் ஒரே நூலில் கோக்கப்பட்டிருந்தார்கள். மாலையில் மேடையில் பேசப்பட்டது மறுநாள் அலமாரியில் கிடைத்தது. அலமாரியில் இருந்ததைப் படித்தவர் அடுத்த மாதம் மேடை ஏறினார். நம் ஊரில் கூட்டம் முடிந்ததும் பொன்னாடையோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

நமக்கு ஷோம்பர்க்குகள் இல்லையா? இருந்தார்கள், இருக்கிறார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் இதே சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அவருடைய எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டையிலிருந்து 1999இல் வெளிவந்த பிறகுதான் பல்கலைக்கழகங்கள் அவர் பெயரையே உச்சரிக்கத் தொடங்கின. ஏறத்தாழ நூறாண்டு இடைவெளி. அதுவரை அந்த இதழ்களைக் காப்பாற்றியவர்கள் பெரிய நூலகங்களில் இல்லை. பௌத்தச் சங்கத்து எளிய குடும்பங்கள் தகரப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார்கள். 2023 டிசம்பரில் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அயோத்திதாசருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. கோட்டூர்புரத்திலிருந்து அது அதிக தூரமில்லை. சிலை வந்துவிட்டது. அந்தச் சிலையைப் பார்த்துவிட்டு வரும் ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவி நூலகத்துக்குள் நுழைந்து 'தமிழன்' எங்கே என்று கேட்டால், கையைப் பிடித்து அழைத்துப்போய் அலமாரியைக் காட்ட வேண்டும். அந்த இதழைப் பற்றி மாதம் ஒரு வாசிப்புக் கூட்டம் நடக்க வேண்டும். அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டிய தொண்ணூறுகளில் வந்த சிற்றிதழ்களும் துண்டறிக்கைகளும் இன்று தோழர்களின் பரண்களில் கரையான் அரித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை நன்கொடையாகக் கேட்டு வாங்குவதையே ஒரு நிகழ்ச்சியாக நடத்தலாம். கொடுக்க வரும் பெரியவரை மேடையில் உட்காரவைத்து, 'இது எப்படி அச்சானது, காசு யார் கொடுத்தார்கள், யார் விற்றார்கள்' என்று கேட்டுப் பதிவு செய்தால் அது எந்தக் கருத்தரங்கத்துக்கும் குறைந்ததல்ல.

மூன்றாவது கேள்வி தூரத்தைப் பற்றியது. நூலகத்துக்குப் பக்கத்திலேயே அடையாற்றங்கரையில் சித்ரா நகர் இருக்கிறது. உழைக்கும் மக்களின் அடுக்குமாடிக் குடியிருப்பு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றின் கரையோரங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்களை அப்புறப்படுத்திப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு முன்பே கண்ணகி நகர், செம்மஞ்சேரி. இந்த நூலகம் அப்படியே ஆற்றோரத்தில் நிற்கிறது. இதைப் பயன்படுத்தியிருக்கக்கூடிய பிள்ளைகள் நகரத்தின் தென்கோடிக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கிருந்து ஒரு மாணவி ஆறு மணிக் கூட்டத்துக்கு வர வேண்டுமென்றால் நான்கு மணிக்கே பேருந்து ஏற வேண்டும். 2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. டிக்கெட்டுக்குக் காசு வேண்டாம், சரி. கூட்டம் எட்டரைக்கு முடிந்தால் பத்து மணிக்குமேல் தனியாக வீடு போய்ச் சேர வேண்டுமே, அதற்கு என்ன வழி? 'அனுமதி இலவசம்' என்ற இரண்டு சொல்லால் இந்த தூரம் குறையாது. சனிக்கிழமை மாலைக்குப் பதில் ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ஒரு கூட்டம் வைத்துப் பாருங்கள், அரங்கத்தின் முகமே மாறும். மாதத்தில் ஒரு கூட்டத்தைப் பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் நடத்துங்கள். கோட்டூர்புரத்துக்கு வரும் அதே எழுத்தாளர், அதே ஒலிபெருக்கி, அதே மரியாதை. அடித்தட்டு மக்களுக்கு என்று தரம் குறைந்த ஒரு நிகழ்ச்சியைத் தனியாகத் தயாரிக்க வேண்டாம்.

கிராமங்களிலும் இதே கதைதான். 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். அவற்றில் பல பூட்டிக் கிடக்கின்றன. நிகழ்ச்சி நடக்காத நூலகம் சீக்கிரம் பூட்டப்படும். மாநகர நூலகத்துக்கு நாம் கேட்பதை ஊர் நூலகத்துக்கும் கேட்க வேண்டும்.

சரி, நாம் என்ன செய்யலாம்? அரசைக் குறைசொல்லிவிட்டு எழுந்து போவதற்காக நாம் கூடவில்லை.

முதல் வேலை, கணக்கு. ஓராண்டில் அரசு நூலக மேடைகளில் பேசியவர்கள் யார், தலைப்பு என்ன, எத்தனை பேர் பெண்கள், எத்தனை பேர் முதல்முறை மேடை ஏறியவர்கள், விருந்தினரைத் தேர்வு செய்தது யார் என்று கேட்டு வாங்குவோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டினால் கேட்கலாம். கணக்கில்லாமல் பேசினால் நம்மை 'எப்போதும் புலம்புகிறவர்கள்' என்பார்கள். கணக்கோடு போனால் பதில் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது, நிகழ்ச்சிக் குழு. யாரை அழைப்பது என்று முடிவு செய்யும் இடத்தில் வாசகர்கள் உட்கார வேண்டும். சொந்த நூல்கள் படிக்கும் பிரிவிலிருந்து ஒருவர், பிரெய்ல் பிரிவிலிருந்து ஒருவர், பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண், கிளை நூலகர் ஒருவர். நூலகத்தைத் துப்புரவு செய்யும் தோழருக்கும் அந்தக் குழுவில் இடம் கேட்போம். அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு தளத்தையும் அவரைவிட அறிந்தவர் யார்?

மூன்றாவது, நாமே உள்ளே போக வேண்டும். நம் இயக்கத் தோழர்கள் நம் கூட்டங்களுக்கு மட்டும் வருகிறார்கள். நூலகக் கூட்டத்துக்குப் போய்க் கேள்வி நேரத்தில் கையைத் தூக்குங்கள். கோபமாகப் பேச வேண்டியதில்லை. சங்க இலக்கியம் பேசினால் புலையன், இழிசினன் என்ற சொற்களைப் பற்றிக் கேளுங்கள். சென்னை வரலாறு பேசினால் கறுப்பர் நகரத்தைப் பற்றிக் கேளுங்கள். நல்ல பேச்சாளர் மகிழ்வார், மற்றவர் அடுத்தமுறை படித்துவிட்டு வருவார். கூட்டம் முடிந்ததும் கீழே போய், படித்துக்கொண்டிருக்கும் நம் தம்பி தங்கைகளிடம் உள்ளே என்ன பேசினார்கள் என்று பத்து நிமிடம் சொல்லுங்கள். அந்தப் பத்து நிமிடமும் ஓர் இலக்கிய நிகழ்ச்சிதான்.

என் நண்பருக்கு நான் சொல்லும் பதில் இதுதான். வேங்கைவயலில் தொட்டியைப் பொது என்று ஏற்க மனமில்லாதவர்கள்தான் அதை அசுத்தம் செய்தார்கள். பொது என்ற சொல்லின் பொருள் தெரியாமல் ஒரு சமூகம் வளர்ந்திருக்கிறது. அதைக் கற்றுக்கொடுக்கக் கையில் இருக்கும் இடங்கள் மிகச் சில. யாருக்கு அடுத்து யார் உட்காருவது என்று யாரும் சொல்லாத நாற்காலிகள், யார் பேசினாலும் எல்லோரும் கேட்க வேண்டிய ஒரு மேடை, எல்லோருடைய வரியிலும் எரியும் விளக்கு, இவை மூன்றும் சேர்ந்திருக்கும் இடம் நூலகம். அதையும் ஒரு சிலரின் சபாவாக விட்டுவிட்டால், பிறகு பொதுவை எங்கே போய்க் கற்பிப்பது?

வரும் சனிக்கிழமை மாலை கோட்டூர்புரத்தில் சந்திப்போம். வரும்போது ஆளுக்கு இரண்டு பேரை அழைத்து வாருங்கள். முன்வரிசையில் உட்காருவோம்.